வாடினால் தாகம், மஞ்சளானால் பசி

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் போனது நினைவிருக்கும். ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது தீர்ந்துவிட்டது. வெறும் பையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் சும்மா காய்ந்து கிடக்கிற மொட்டை மாடி ஞாபகம் வந்தது. ரோஷத்தில் ஆரம்பித்த மாடித்தோட்ட வேலை இது. அடுத்த ஏழெட்டு மாதத்தில் 11,000 ரூபாய்க்கு மேல் கரைந்தது, இரண்டு முறை செடிகள் மொத்தமாகச் செத்தன, மேல்வீட்டு ஓனரோடு மனஸ்தாபம் ஆனது. மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள், "இது உங்க ஆசை, என்னை இழுக்காதீங்க" என்று. அதனால் செத்த செடிகளைக் குப்பை வண்டிக்குக் கொடுக்கும் வேலை வரைக்கும் நான் ஒருத்தன்தான். யாராவது முன்னாலேயே இரண்டு விஷயம் சொல்லியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் வாங்கியது 12 அங்குல வளர்ப்புப் பை இருபது, 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஆறு, மண்புழு உரம் 40 கிலோ, பிகேஎம்-1 ரகத் தக்காளி விதை, கொஞ்சம் மிளகாய், கத்தரி. ஆட்டோ கூலியோடு 5,400 ரூபாய். கடைக்காரர், "மண்ணே வேண்டாம் சார், கோகோபீட்டும் மண்புழு உரமும் போதும், மாடிக்கு எடையும் ஏறாது" என்றார். எடை விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதான். குழித்தட்டில் விதை போட்டேன், ஏழாம் நாள் பச்சை தெரிந்தது, மூன்றரை வாரத்தில் நாற்று விரல் நீளம் வளர்ந்து நின்றது. இவ்வளவுதானா விவசாயம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால்தான் புரிகிறது, நாற்று நன்றாக வந்ததற்குக் காரணமே அந்த மூன்றரை வாரம் ஆபீஸில் ஆடிட் நடந்துகொண்டிருந்ததால் என்னால் அதன் பக்கம் அதிகம் போக முடியவில்லை என்பதுதான்.

ஆகஸ்ட் கடைசியில் பைக்கு மாற்றினேன். ஆடிட்டும் முடிந்திருந்தது. காலை ஆறரைக்கு ஒரு சொம்பு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சொம்பு, மாத்திரை சாப்பிடுகிற மாதிரி தவறாமல் தண்ணீர். கோகோபீட்டில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. வெயில் பட்டால் மேல் ஓர் அங்குலம் ஒரு மணி நேரத்தில் வெளிறிக் காய்ந்து போகும், பார்த்தால் வறட்சி மாதிரி இருக்கும், ஆனால் கீழே நாலு விரல் தோண்டினால் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். நான் தோண்டவே இல்லை. மேலே பார்த்தேன், ஊற்றினேன். இரண்டாவது வாரம் மதியத்தில் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. ஐயோ தாகம் என்று மதியமும் ஒரு சொம்பு சேர்த்தேன், அதாவது மூன்று வேளை. பையைச் சுற்றிக் கொசு மாதிரி சின்னக் கறுப்புப் பூச்சிகள் பறக்க ஆரம்பித்தன, அதுவும் எப்போதும் ஈரமாகவே கிடப்பதன் அடையாளம் என்று அப்போது தெரியாது, ஏதோ மழைக்காலப் பூச்சி என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுத்தமாகச் சாய்ந்துவிட்ட ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். பலமே கொடுக்காமல் கையோடு வந்துவிட்டது. சாக்கடை வாசம். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும், இது டீத்தூள் நிறத்தில் இருந்தது. இரண்டு விரலில் பிடித்து உருவினால் மேல்தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது. தண்ணீரில் நிற்கிற செடி தண்ணீர் இல்லாமல் வாடியிருக்கிறது. வேருக்குக் காற்றும் வேண்டும், பையில் இருக்கிற இடைவெளி எல்லாம் தண்ணீரே நிரம்பிவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகுகிறது, அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் மேலே இலை வாடுகிறது. நான் பார்த்தது வாடுதலை, கொடுத்தது இன்னும் தண்ணீர்.

இப்போது நான் மதியம் செடியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வருவதில்லை. சென்னை வெயிலில் இரண்டு மணிக்கு நல்ல செடியும் துவளும், சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். அப்போதும் துவண்டிருந்தால் தாகமாகவும் இருக்கலாம், வேர் அழுகியும் இருக்கலாம், இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு என்னிடம் இருக்கும் கருவி விளக்குமாற்றில் உருவிய ஓர் ஈர்க்குச்சி. பையின் ஓரமாகப் பாதி ஆழத்துக்குக் குத்தி, ஒரு நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். குச்சி கறுத்து ஈரத்தோடு துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. காய்ந்து வந்தால் ஊற்றலாம். சின்னப் பையாக இருந்தால் தூக்கிப் பார்த்தாலே போதும், ஒரு வாரத்தில் கைக்குக் கணக்குப் பழகிவிடும். ஈரப்பத மீட்டர் என்று 400 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன், அது காய்ந்த பையிலும் ஈரம் என்றது, ஈரப் பையிலும் ஈரம் என்றது. மகன் அதை விளையாட எடுத்துப் போய்விட்டான்.

இதற்கு நடுவில் ஓனர் வீட்டு விவகாரம். நாங்கள் கீழ்த்தளம், அவர்கள் முதல் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. பைகளைத் தரையிலேயே வரிசையாக வைத்திருந்தேன். அடியில் துளை இருந்தும் அது தரையோடு ஒட்டிக்கொண்டு அடைத்துவிட்டது, தண்ணீர் பைக்குள்ளும் தேங்கியது, பைக்கு அடியிலும் தேங்கியது. ஒன்றரை மாதத்தில் அவர்கள் படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்ந்து பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது. ஓனர் அம்மா கத்தவில்லை, கூப்பிட்டுக் காட்டினார்கள், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துக்கொடுக்க 3,000 ரூபாய் ஆனது. அப்புறம்தான் செங்கல் வாங்கிப் போட்டு அதன் மேல் பைகளை ஏற்றினேன். நீங்கள் ஒரு விதை வாங்குவதற்கு முன்னால் செங்கல்லோ இரும்பு ஸ்டாண்டோ வாங்கிவிடுங்கள். பைக்கு அடியில் கை நுழைகிற அளவு இடம் இருக்க வேண்டும், துளை அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவும் முடியும், தரையும் காயும். வாடகை வீடு என்றால் இது இரட்டிப்பு முக்கியம்.

சரி, அளவு புரிந்தது என்று மிச்சமிருந்த பன்னிரண்டு செடிகளுக்கு ஊற்றுவதைக் குறைத்தேன். அப்படியும் தேறவில்லை. இலை ஓரம் கருகி, சுருண்டு, பையின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இங்கேதான் என் புத்திசாலித்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் குடிநீருக்கு ஆர்ஓ மெஷின் இருக்கிறது, அது கழித்துவிடுகிற தண்ணீர் வீணாகப் போகிறதே என்று பக்கெட்டில் பிடித்து இரண்டு மாதமாக அதைத்தான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றியிருக்கிறேன். சிக்கனம் என்று பெருமை வேறு. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற டிடிஎஸ் மீட்டரை 350 ரூபாய்க்கு வாங்கிப் பார்த்தபோது எங்கள் போர் தண்ணீர் 1,150 காட்டியது. ஆர்ஓ கழிவு 1,600. யோசித்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும், நமக்குக் குடிக்க எடுத்த தண்ணீரில் இருந்த உப்பும் சேர்ந்துதானே அந்தக் கழிவில் வருகிறது. செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பைப் பையிலேயே விட்டுவிடுகிறது, நாளாக நாளாக அது சேர்கிறது. வயலில் என்றால் மழையில் கொஞ்சம் கீழே இறங்கிப் போகும், பையில் எங்கே போகும். அந்தத் தண்ணீரைத் தரை கழுவவும் பாத்ரூமுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், பைச் செடிக்கு வேண்டாம்.

கோகோபீட்டிலும் உப்பு உண்டு, இது எனக்குக் கடையில் யாரும் சொல்லவில்லை. தேங்காய் மட்டையிலேயே இயற்கையாகப் பொட்டாசியமும் சோடியமும் இருக்கும், மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் கூடும். கழுவி உப்பை இறக்கிய கட்டி தனியாகக் கிடைக்கிறது, லோ இசி என்று கேட்டால் தருவார்கள், அப்போது கட்டிக்கு 30, 40 ரூபாய் கூட இருந்தது. நான் வாங்கியது கழுவாதது. ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் மீட்டரை வைத்தால் 1,900. அதாவது என் நாற்றுகளைக் கிட்டத்தட்ட ஊறுகாய் ஜாடிக்குள் நட்டு, மேலே உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

இப்போது உரம். இதை எழுதவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வேர் அழுகின செடிக்கு இலை மஞ்சளாகும். உப்பு ஏறின செடிக்கும் மஞ்சளாகும். மஞ்சள் என்றால் சத்துப் போதவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் கடைக்குப் போனேன். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கிற உரம்), பஞ்சகவ்யா, மீன் அமிலம், கடலைப் புண்ணாக்கு, எப்சம் உப்பு, ஏதோ ஒரு பச்சைப் பாட்டில் டானிக், எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய் பில். 19:19:19 பாக்கெட்டில் லிட்டருக்கு 5 கிராம் என்று போட்டிருந்தது. அது இலையில் தெளிக்கிற அளவு, அதுவும் வயலில் வளர்ந்து நிற்கிற பயிருக்கு. நான் வேரில் ஊற்றினேன். 5 கிராம் என்றால் ஒரு டீஸ்பூன், நான் எடுத்தது சாதம் சாப்பிடுகிற ஸ்பூன், குவித்து. தராசு வாங்கிப் பிறகு நிறுத்துப் பார்த்தேன், 17 கிராம். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி போதும், நான் ஒரு டம்ளரில் பாதி. புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து அந்தத் தெளிவைப் பத்து மடங்கு தண்ணீரில் கலக்க வேண்டும், நான் அப்படியே கெட்டியாக ஊற்றினேன், தெருவே நாறியது, நாய் ஒன்று மாடிப் படியில் வந்து நின்றது. மூன்றாம் நாள் இலை நுனியெல்லாம் தீய்ந்தது. ஒரு வாரத்தில் இருபதாவது பையும் காலி. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு பிரியாணி ஊட்டினால் என்ன ஆகும், அதுதான் ஆனது.

அதனால் மஞ்சளைப் பார்த்தவுடன் உரக்கடைக்குக் கிளம்பாதீர்கள். முதலில் ஈர்க்குச்சி, அடுத்து பைக்குக் கீழே வழிகிற தண்ணீரில் மீட்டர். ஊற்றுகிற தண்ணீரைவிட வழிகிற தண்ணீரில் அளவு மிக அதிகமாக இருந்தால் பையில் உப்போ உரமோ குவிந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது செய்ய வேண்டியது நல்ல தண்ணீரைப் பையின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி அலசிவிடுவது, பிறகு நன்றாகக் காயவிடுவது. உரம் போடுவதாக இருந்தாலும் காய்ந்து கிடக்கிற பையில் உரத் தண்ணீரை ஊற்றக் கூடாது, முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து ஊற்ற வேண்டும்.

அம்மா ஊரில் இருக்கிறார்கள், விழுப்புரம் பக்கம், வாழ்நாள் முழுக்க மண்ணில் நின்றவர். இத்தனை நாள் நான் அவரிடம் கேட்கவே இல்லை, முதல் தக்காளியை எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. எல்லாம் செத்த பிறகு போனில் சொன்னேன். "தெனமும் ரெண்டு வேள ஊத்துனியா? நீ தக்காளி போட்டியா, நாத்தங்கால் போட்டியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். 5,400 ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் அந்த ஒரு போனைப் போட்டிருக்கலாம்.

அக்டோபர் நடுவில் 1,300 ரூபாயில் இரண்டாவது ஈடு. நாற்று கடையிலேயே வாங்கி, செங்கல் மேல் வைத்து, குச்சி குத்திப் பார்த்து ஊற்றி, உரம் எதுவும் போடாமல் வளர்த்தேன், பூவும் வந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். அந்த இரண்டு நாள் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், நாங்களே சாமானை மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம், செடியை யார் பார்த்தது. மழை விட்டு மாடிக்குப் போனால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. பைகளிலிருந்து வழிந்த கோகோபீட் தூளே வடிகால் குழாயை அடைத்திருக்கிறது. கையை விட்டுத் தோண்டி எடுத்தேன். செடிகள் போய்விட்டன, ஆனால் அதைப் பற்றி அன்றைக்குப் பெரிதாக வருத்தப்படவில்லை, ஊரே அப்படி இருந்தது. மழைக்காலத்தில் பை வைப்பவர்கள் வடிகால் வாயில் ஒரு துண்டுக் கொசுவலையைக் கட்டிவிடுங்கள், பெருமழை வருகிறது என்றால் பைகளை ஓரமாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிடலாம், செடி கொஞ்சம் கோணினாலும் பிழைக்கும்.

அந்த மழையில் ஒரு லாபம், 200 லிட்டர் டிரம்மை வைத்து அடுத்தடுத்துப் பெய்த மழையைப் பிடித்தேன். கொசு வராமல் வாயில் வலை. அந்த மழைத் தண்ணீரில் கோகோபீட்டை மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தேன், 1,900 காட்டியது 400-க்கு இறங்கியது. இந்த முறை எட்டே பை. செம்மண், கழுவிய கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பொங்கல் முடிந்து நட்டேன். ஜனவரியில் பைக்கு ஒரு லிட்டர், இரண்டு நாளைக்கு ஒருமுறை, சில பைக்கு மூன்று நாள். அதே செடி ஏப்ரலில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தது, அக்னி நட்சத்திரத்தில் சாயங்காலமும் கொஞ்சம் கேட்டது. ஆகவே இத்தனை நாளைக்கு ஒருமுறை என்று யாராவது உங்களுக்குக் கணக்குச் சொன்னால், எந்த மாதம், செடி எவ்வளவு பெரியது என்று திருப்பிக் கேளுங்கள். ஊற்றுகிற அன்றைக்கு மெதுவாக, அடியில் கொஞ்சம் வழிகிற வரைக்கும் ஊற்ற வேண்டும், எங்கள் மாதிரி உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு அந்த வழிசல்தான் உப்பை வெளியே கொண்டுபோகிறது. மழைத் தண்ணீர் தீர்ந்த பிறகு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க ஆரம்பித்தேன், ஓர் இரவில் ஒரு பக்கெட் வரும், மீட்டரில் 20-க்குக் கீழே காட்டும், அதைப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன்.

உரம் முதல் 25 நாள் எதுவும் இல்லை, மண்புழு உரத்தில் இருப்பதே போதும். அப்புறம் பத்து நாளைக்கு ஒருமுறை 19:19:19 லிட்டருக்கு 1 கிராம், தராசில் நிறுத்து. பூ வந்த பிறகு அதை நிறுத்திவிட்டு, தழைச்சத்து குறைவாகவும் சாம்பல் சத்து அதிகமாகவும் இருக்கிற 13:0:45, அதுவும் 1 கிராம்தான். தழைச்சத்து அதிகமானால் இலை கொழுகொழுவென்று கறும்பச்சையாக வளரும், பூ வராது, பார்க்க மட்டும் அழகு. மீன் அமிலம் மட்டும் இடையில் இரண்டு தடவை, லிட்டருக்கு 5 மில்லி.

மார்ச் கடைசியில் முதல் காய்கள் பழுக்கும்போது நாலைந்தில் அடிப்பக்கம் கறுப்பாக அமுங்கிப் போயிருந்தது. கால்சியம் குறைவு, முட்டை ஓட்டைப் பொடித்துப் போடு என்றார்கள். போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புக்கு எங்கள் வீட்டுக் குழாயே அடைத்துக்கொள்கிறது, கால்சியத்துக்கு என்ன குறை. அந்த வாரம் நான் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தண்ணீர் விடவில்லை, வந்து ஒரேயடியாக ஊற்றினேன், அதுதான் காரணம். கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்குப் போகிறது, தண்ணீர் சீராகக் கிடைக்காவிட்டால் காயின் அடி நுனிக்குப் போய்ச் சேருவதில்லை. சீராக ஊற்றியதும் அடுத்த காய்கள் சரியாக வந்தன. முட்டை ஓடு மக்கிக் கரைய மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் பிகேஎம்-1 ஆயுளே முடிந்துவிடும்.

எட்டுப் பையில் மே மாதம் வரை 11 கிலோ வந்தது. அப்போது தெருமுனைக் கடையில் கிலோ 25 ரூபாய் என்று நினைக்கிறேன், மனைவி கணக்குப் போட்டுச் சிரித்தாள். அம்மாவுக்கு இரண்டு கிலோ கொண்டுபோனேன், ஓனர் வீட்டுக்கு ஒரு கிலோ. ஓனர் அம்மாவுக்கு ஆசை வந்து இப்போது அவர்களும் மூன்று பை வைத்திருக்கிறார்கள், செங்கல் மேல்தான். காலையிலும் சாயங்காலமும் சொம்பு எடுத்துக்கொண்டு மாடி ஏறுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. நேற்று போய் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.